என் மாமியாருக்குத் தொற்றிய கேள்வி

எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. எனக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று செங்கல்பட்டில் எங்கள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. எனக்குத்தான் கடைசியில் தெரிந்தது.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. அச்சரப்பாக்கத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பம் எங்களுடையது. எட்டாவது வரை படித்தேன். அதற்கு மேல் படிக்க வெளியூர் போகவேண்டும், அனுப்பவில்லை. என் கணவர் செங்கல்பட்டு ஸ்டேஷனில் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. வீட்டில் நாங்கள் இருவரும் அவருடைய அம்மாவும். அத்தைக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பாம்பு கடித்துக் கணவர் இறந்தபோது மகனுக்கு நான்கு வயது. ஏர் ஓட்ட மட்டும் ஆள் வைத்துக்கொண்டு, நாற்று விடுவதிலிருந்து களம் அடிப்பது வரை தானே முன்னால் நின்று மகனைப் படிக்கவைத்தவர். எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை. அவருக்கு முன்னால் பயப்படக்கூடப் பயமாக இருக்கும்.

வீட்டின் பின்கதவைத் திறந்தால் ரயில் பாதை. அதைத் தாண்டினால் கொளவாய் ஏரி. மழை தொடர்ந்து பொய்த்துக்கொண்டிருந்த காலம். நான் கல்யாணமாகி வந்தபோது நடுவில் கொஞ்சம் தண்ணீர் பளபளத்துக்கொண்டிருந்தது. ஆவணி முடிவதற்குள் அதுவும் போய், ஏரி முழுக்க வெடித்த களிமண்தான். ஒருநாள் மத்தியானம் பின்கதவருகே உட்கார்ந்து சாம்பல் போட்டுச் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தேன். ஏரியைப் பார்த்தபடி சும்மா ஒரு விளையாட்டாக யோசித்தேன்: தண்ணீர் இல்லை, தரை இருக்கிறது. தரையும் இல்லை என்றால்?

கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் தரையை எடுத்தேன். அந்தப் பக்கத்து மலைகளை எடுத்தேன். தண்டவாளம், சட்டி, என் கை. வானத்தையும் எடுத்த பிறகு இருட்டு மிஞ்சியது. இருட்டும் ஒரு பொருள்தானே என்று அதையும் எடுத்தேன். வெறும் இடம் இருந்தது. அதையும் எடுக்கப் பார்த்தபோது, இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்து, படி இல்லாமல் உடம்பு தூக்கிப்போடுமே, அப்படித் தூக்கிப்போட்டது.

கண்ணைத் திறந்தால் சட்டி இருக்கிறது. சாம்பல் இருக்கிறது. தண்டவாளத்து மேல் ஒரு காக்கை உட்கார்ந்து என்னைப் பார்க்கிறது. எதுவுமே இல்லாமல் இருந்திருக்கலாமே? அதுதானே சுலபம்? யாரும் ஒன்றும் செய்யவேண்டாம். அப்படியிருக்க, இவ்வளவும் ஏன் இருக்கிறது?

அந்த நிமிஷத்திலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதை எப்படிச் சொல்வதென்று இந்த வயதிலும் எனக்குத் தெரியவில்லை. துக்கம் இல்லை. பயம் என்றும் முழுக்கச் சொல்ல முடியாது. அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தது போல, ஆனால் எந்த அடுப்பு என்று தெரியாதது போல ஒரு பரபரப்பு. தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, அது இருக்கிறதே என்று அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். பால் பொங்கி வழியும். வழிகிற பாலையும் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

கணவர் மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவார். நான்கைந்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரிடம் கேட்டேன்.

"ஏங்க, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"இதெல்லாம் ஏன் இருக்குது?"

"எது?"

"எல்லாந்தான். நீங்க, நானு, இந்தச் சோறு, ரயிலு, வெயிலு. ஒண்ணுமே இல்லாம இருந்திருக்கலாம் இல்ல?"

அவர் தட்டைப் பார்த்தார். "சோறு நான் வாங்கியாந்த அரிசி. ரயிலு வெள்ளக்காரன் வுட்டது."

"வெயிலு?"

"அது கடவுள் வுட்டது."

"அவரு ஏன் இருக்காரு?"

பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நல்ல மனிதர். கோபம் வரவில்லை அவருக்கு. "இத்தப் போயி ரோசன பண்ணிகினு இருந்தா ஒடம்பு கெட்டுப்போவும்மே" என்று சொல்லி, மிச்சத்தைச் சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார்.

உள்ளே அத்தை கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பேச்சு அவருக்குப் புரியவில்லை. ஆனால் நான் சரியாகச் சாப்பிடுவதில்லை, முகம் வெளுத்திருக்கிறது, அடிக்கடி பின்கதவுக்கு ஓடுகிறேன் என்பதெல்லாம் நன்றாகப் புரிந்தது. அடுத்த நாள் காலையிலேயே பக்கத்து வீட்டு அக்கா எலுமிச்சை ஊறுகாயோடு வந்துவிட்டாள். அவள் கணவருக்குக் கடைத்தெருவில் குடைக்கடை. முஸ்லிம் குடும்பம். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள், மூன்று பிள்ளை பெற்றவள். "எத்தினி நாளாச்சு? கூச்சப்படாத சொல்லு தங்கச்சி" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். எதைக் கேட்கிறாள் என்று எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியபோது மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை. அத்தை அந்த வாரம் முழுக்க என்னைக் குடம் தூக்க விடவில்லை. அவர் பாடி அப்போதுதான் நான் கேட்டேன். நாற்று நடும்போது பாடுகிற பாட்டு, அம்மி அரைத்துக்கொண்டே பாடினார்.

அடுத்த வாரம் நான் வீட்டுக்குத் தூரமாகி மூன்று நாள் ஒதுங்கி உட்கார்ந்தேன். பாட்டு நின்றுவிட்டது. குழந்தை இல்லையென்றால் இது பேய்தான் என்று அத்தை முடிவு கட்டினார்.

ஊரப்பாக்கம் பக்கத்திலிருந்து ஒரு பூசாரியை வரவழைத்தார்கள். கூடத்தில் மனை போட்டு என்னை உட்காரவைத்து, தலைவிரி கோலமாக்கி, வேப்பிலையால் முகத்தில் அடித்தார். உடுக்கை காதுக்குப் பக்கத்தில். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அவர் கேட்ட கேள்விகள் எனக்குப் பிடித்திருந்தன. இத்தனை நாளில் என்னிடம் சரியான கேள்வி கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"யாரு நீ?"

யோசித்துப் பார்த்தேன். "தெரியல சாமி."

"எங்கேருந்து வந்தே?"

"அதுவும் தெரியல."

"எதுக்கு வந்தே? சொல்லு!"

"அதத்தான் நானும் கேட்டுகினு கீறேன். உங்களுக்குத் தெரியுமா?"

உடுக்கை நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோட்டத்துப் பக்கம் ஓடினாள். பூசாரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இது அடாவடியான கேசும்மா. வேப்பலைக்கெல்லாம் அடங்காது. மாசி மகத்தன்னிக்கு மகாபலிபுரம் கூட்டிகினு போயி மூணு முழுக்குப் போட்டு எடு. கடலு இழுத்துக்கும்" என்றார்.

மாசி மகம் வரை நான்கு மாதம். அந்த நான்கு மாதமும் வீட்டுக்குள் நடந்தே தீர்த்தேன். பின்கதவுக்கும் முன்கதவுக்கும் நடப்பேன். அத்தை என்னை முறைத்துக்கொண்டே இருப்பார். எனக்குள் இருக்கிற எதிரியை அவர் பார்க்கிறாரா, என்னைப் பார்க்கிறாரா என்று தெரியாது.

மகத்தன்று கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் அத்தையும்தான் போனோம். விடிந்ததும் பஸ் ஏறினோம். திருக்கழுக்குன்றத்தில் பாதி ஊர் ஏறியது, நிற்கக்கூட இடமில்லை. அத்தை என் மணிக்கட்டை விடவே இல்லை, பேய் வழியில் இறங்கி ஓடிவிடும் என்பது போல.

நான் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. சவுக்குத் தோப்பைத் தாண்டி மணலில் ஏறியதும் அது தெரிந்தது. எனக்கு முதலில் தோன்றியது, இது அழகு என்றோ சாமி என்றோ இல்லை. இவ்வளவு எதற்கு என்றுதான் தோன்றியது. ஏதாவது ஒன்று இருக்கத்தான் வேண்டுமென்றால் ஒரு கூழாங்கல் இருந்துவிட்டுப் போகட்டுமே. யார் கேட்டார்கள் இத்தனை தண்ணீரை?

"அத்த, இம்மாந்தண்ணி எதுக்கு?"

"வாய மூடிகினு வாமே. முங்கி எழுந்தா எல்லாம் சரியாப்போவும்."

கரை முழுக்க ஜனம். காடுகளிலிருந்து வந்த இருளர் குடும்பங்கள் புடவைகளைக் கட்டி அடைப்புப் போட்டு மணலில் தங்கியிருந்தார்கள். அவர்களுடைய சாமிக்குப் படையல் நடந்துகொண்டிருந்தது. கற்கோயிலுக்குத் தெற்கே ஆள் கொஞ்சம் குறைவான இடமாகப் பார்த்து அத்தை என்னை இறக்கினார். முழங்கால் ஆழம். என் பிடரியைப் பிடித்து அமுக்கினார். ஒன்று. மூக்கில் உப்பு ஏறியது. இரண்டு. மூன்றாவது முறை என்னை அமுக்கிவிட்டு, தானும் முழுக்குப் போடவேண்டும் என்று கடலுக்கு முதுகைக் காட்டியபடி இரண்டு அடி பின்னால் போனார். ஏரியிலும் கிணற்றிலும் குளித்துப் பழகியவர். கடலுக்கு முதுகைக் காட்டக்கூடாது என்று எங்களுக்குச் சொல்ல யாருமில்லை.

நான் எழுந்து கண்ணைத் துடைத்தபோது அத்தை இருந்த இடத்தில் அலை இருந்தது.

அலை உள்ளே போகும்போது ஒரு பச்சைப் புடவைத் தலைப்பு தெரிந்தது. பாய்ந்து பிடித்தேன். புடவைதான் கையோடு வந்தது. அடுத்த அலை என்னையும் கவிழ்த்தது. தண்ணீருக்குள் துழாவினேன். மயிர் சிக்கியது. அதை இரண்டு சுற்றுக் கையில் சுற்றிக்கொண்டேன். காலடியில் மணல் ஓடுகிறது, நிற்க முடியவில்லை. கட்டுமரத்துக்காரர் ஒருவர் கரையிலிருந்து கத்தினார்: "வுடாத! மூஞ்சிய மேல தூக்கு, மேல தூக்கு!" கத்திக்கொண்டே ஓடிவந்து அத்தையின் இடுப்பைப் பிடித்து இழுத்தார். மூன்று பேருமாகக் கரையில் வந்து விழுந்தோம்.

அத்தையைக் குப்புறப் போட்டு முதுகை அமுக்கினார் அவர். தண்ணீர் வந்தது. பிறகு இருமல் வந்தது. கூட்டம் கூடிவிட்டது. யாரோ ஒரு இருளர் பெண் தன் அடைப்பிலிருந்து ஒரு புடவையை உருவிக்கொண்டு வந்து அத்தைமேல் போர்த்தினாள். நான் அத்தையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கத்தி அழுதேன். அந்த நேரத்தில் என் மனதில் எந்தக் கேள்வியும் இல்லை. அத்தை இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்த பார்வையை மறக்கவே முடியாது. யாரென்று தெரியாமல் பார்க்கவில்லை. நான் என்று தெரிந்துதான் பார்த்தார். இருந்தாலும், நான் சட்டியைப் பார்ப்பேனே, அப்படிப் பார்த்தார்.

சாயங்காலம் பஸ்ஸில் திரும்பும்போது திருக்கழுக்குன்றம் வரை நின்றுகொண்டே வந்தோம். அங்கே கூட்டம் இறங்கி உட்கார இடம் கிடைத்ததும், மெதுவாக என் பக்கம் சாய்ந்தார்.

"ஏம்மே. அங்க ஒண்ணுமே இல்லமே."

"எங்க அத்த?"

"தண்ணிக்குள்ள. மொதல்ல இருட்டா இருந்துது. அப்பறம் இருட்டும் இல்ல. நானும் இல்ல. இல்லன்னு சொல்றதுக்கு ஒரு ஆளு கூட இல்ல. அப்பறம் நீ மயிரப் புடிச்சி இழுத்தே. வலிச்சுது பாரு, அப்பத்தான் எல்லாம் திரும்ப வந்துது." மகனை அவர் நைனா என்றுதான் சொல்வார். "நீ நைனா கிட்ட கேட்டுகினு இருந்தியே, அது இதானா?"

"இதான் அத்த."

அவர் முகம் சிவந்துவிட்டது. "அடிப்பாவி! இத்த மனசுல வச்சிகினா இத்தினி மாசமா நீ எங்களுக்குச் சோறாக்கிப் போட்டே?"

பேய் என்னிடமிருந்து போகவில்லை. அத்தைக்கும் வந்துவிட்டது. பூசாரியிடம் நாங்கள் திரும்பப் போகவில்லை.

என்னிடம் மட்டும் அது இருந்தபோது நான் வீட்டுக்குள்ளேயே நடந்தேன். அத்தை அப்படிப்பட்டவர் இல்லை. அவருக்கு ஒன்று தெரியவேண்டுமென்றால் தெரிந்தவனைத் தேடிப் போய்க் கேட்பார். விதைநெல்லா, வரப்புத் தகராறா, எதற்கும் அதுதான் அவர் வழி. மறுவாரமே புறப்பட்டுவிட்டார். முதலில் கோயில் குருக்கள். பிரகாரத்தில் அவரை நிறுத்திவைத்து, "இதெல்லாம் எதுக்கு சாமி இருக்குது?" என்று கேட்டார். அவர் பொறுமையாக, "எல்லாம் பகவானோட லீலைம்மா. விளையாட்டு" என்றார்.

"வெளையாட்டா? எம் புருசன் வரப்புல பாம்பு கடிச்சி நொர தள்ளி செத்தானே, அதுவும் வெளையாட்டா?"

நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பிறகு பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டார். அவள் துணி மடித்துக்கொண்டே, "அல்லா ஆகுன்னு நெனச்சான், ஆச்சு. அவ்ளோதாம்மா" என்றாள்.

"எதுக்கு நெனச்சான்?"

அக்கா துணியைக் கீழே வைத்தாள். வாசல் பக்கம் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டாள். "நான் சின்னதுல கேட்டிருக்கறேன், இதே கேள்விய. எங்கம்மா வாய்மேலயே ஒண்ணு போட்டாங்க. அப்பறம் கேக்கல." சிரித்தாள். ஆனால் நாங்கள் கிளம்பும்போது, "யாருனா பதில் சொன்னா எனக்கும் வந்து சொல்லுங்க" என்றாள்.

தெருக்கோடியில் ஹைஸ்கூல் சயன்ஸ் வாத்தியார் ஒருவர் குடியிருந்தார். கல்யாணமாகாதவர். பூமி சூரியனிலிருந்து பிய்ந்து வந்த நெருப்புக் கட்டி என்று அவர் ஒரு எலுமிச்சம்பழத்தையும் மிளகையும் வைத்து விளக்கினார்.

"அந்தச் சூரியன்?"

"அது ஆவியா இருந்துதும்மா. ஆவி சுத்திச் சுத்தி உருண்டையாச்சு."

"அந்த ஆவி எங்கேருந்து வந்துது?"

வாத்தியார் மிளகைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். "அது தெரியாதும்மா. இன்னும் யாரும் கண்டுபிடிக்கல."

அத்தைக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. "ஊர்ல அவன் ஒருத்தந்தான்மே தெரியலன்னு சொல்றான்" என்று என்னிடம் சொன்னார். தினமும் அவர் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்துக்குப் போய், "இன்னா வாத்தியாரே, எதுனா கண்டுபிடிச்சாங்களா?" என்று கேட்பார். மூன்று வாரத்தில் அந்த மனிதர் வேறு தெருவுக்குக் குடிபோய்விட்டார்.

வீட்டில் எதுவும் ஒழுங்காக நடக்கவில்லை. அத்தைக்கு ஓரிடத்தில் உட்காரப் பிடிக்கவில்லை. உரலில் நெல்லைப் போட்டுவிட்டு உலக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். மத்தியானத்தில் நாங்கள் இருவரும் பின்கதவில் ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டு வெயிலைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஏதாவது சொல்லத் தொடங்குவோம், பாதியில் விட்டுவிடுவோம். சொல்ல வார்த்தை இல்லை. ஆனால் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

ஒருநாள் கணவர் சாப்பிட வந்தபோது அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை. அவர் கையிலிருந்த துண்டை வீசி எறிந்தார். எங்கள் வாழ்க்கையில் அவர் குரலை உயர்த்தியது அந்த ஒருமுறைதான்.

"ஏன் இருக்குதுன்னு எனக்குந்தான் தெரியாது! தெரியலன்னு நான் வேலைக்குப் போவாத கீறனா? இருக்குது, அவ்ளோதான்! ரெண்டு மணிக்கு வண்டி வருது, பார்சல் எறக்கணும், அதுக்குள்ள ரெண்டு வாய் சோறு போடறதுக்கு இந்த வூட்ல ஆளு இல்ல!"

பிறகு அங்கேயே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க ரெண்டு பேரும் அப்பிடி நின்னுகினு பாக்கசொல்ல, நான் உள்ள வந்தாகூட உங்களுக்குத் தெரியல. நானே இல்லாத மாதிரி கீது எனக்கு. பயமா கீதும்மா" என்று அத்தையிடம் சொன்னார்.

அத்தை போய் அவர் தலையைத் தொட்டார். நான் அடுப்பை மூட்டினேன். அவசரத்தில் உப்புமாதான் கிண்ட முடிந்தது. அவர் சாப்பிட்டுவிட்டுப் போனார். அவர் பயப்படுவார் என்று அதுவரை எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. அன்றிலிருந்து அவர் வருகிற நேரத்தில் பின்கதவைச் சாத்தி வைக்கக் கற்றுக்கொண்டோம்.

அடுத்த வருடம் நான் உண்டானேன். ஊறுகாய் வருவதற்கு முன்னால் நானே போய்ப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன். அத்தையிடம் சொன்னபோது அவர் பாடவில்லை. என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

"இதப் பாரு. இனிமே அந்தப் பேச்சே பேசக்கூடாது. நானும் பேச மாட்டேன்."

"ஏன் அத்த?"

"வயித்துல ஒண்ணு வந்துகினு கீது. அதுக்குக் காது கேக்கும். 'ஒண்ணுமே இல்லாம இருந்திருக்கலாமே, எதுக்கு இருக்கணும்'னு நாம கேட்டுகினு இருந்தா அது இன்னா நெனைக்கும்? சரி, வரல, போன்னு திரும்பிப் போயிடும்மே."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. அவருக்கு என் கணவருக்குப் பிறகு ஒன்று வயிற்றிலேயே போயிருக்கிறது என்று அன்றுதான் சொன்னார். தன் கணவர் இறந்த அதே வருடம். அப்போது தன் வாயில் இப்படி ஏதோ கேள்வி வந்திருக்கவேண்டும், வயிற்றிலிருந்த பிள்ளைக்கு அது காதில் விழுந்திருக்கவேண்டும் என்று அவர் நினைத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சரி என்றேன்.

அந்த மாதங்கள் பேய் பிடித்ததாகச் சொன்ன மாதங்களைவிடக் கஷ்டமாக இருந்தன. கேள்வி போகவில்லை. வாய்தான் மூடியிருந்தது. அத்தை கிணற்றடியிலிருந்து வேகமாக உள்ளே வருவார், என்னைப் பார்ப்பார், வாயைத் திறப்பார், வயிற்றைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டு திரும்பிப் போய் எதையாவது போட்டு இடிப்பார். அந்த வருடம் எங்கள் வீட்டில் இடித்து வைத்த மிளகாய்த்தூள் தெருவுக்கே போதும். வளைகாப்பில் எல்லோரும் சிரித்துக்கொண்டு என் கன்னத்தில் சந்தனம் பூசும்போது எனக்கு உள்ளே ஒரே துடிப்பு. போன தையில் இல்லாத ஒன்று இப்போது என்னை உதைக்கிறது. இதைவிடப் பெரிய விஷயம் என்ன இருக்கிறது? இவர்கள் வளையலைப் பற்றிப் பேசுகிறார்களே!

தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்கவேண்டும். என் அம்மா அந்தச் சமயம் காய்ச்சலில் படுத்துவிட்டதால் நான் செங்கல்பட்டிலேயே இருந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் காலை பதினோரு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுத்தம் செய்து என் பக்கத்தில் போட்ட பிறகு அத்தையை உள்ளே விட்டார்கள். அவர் குழந்தையைத் தொடவில்லை. குனிந்து, நெடுநேரம் பார்த்தார். பத்து மாதம் அடக்கி வைத்திருந்தது அவரை மீறி வந்துவிட்டது.

"போன வருசம் இது எங்கமே இருந்துது?"

நர்ஸ் காதில் விழுந்துவிட்டது. "இன்னாம்மா சொல்றீங்க?"

"நீ எத்தினி புள்ளைங்கள எடுத்திருக்கறே, நீ சொல்லு நர்சம்மா. போன வருசம் இது எங்க இருந்துது?"

"எங்கயும் இல்ல. நேரமாச்சு, வெளிய இருங்க."

அத்தை என்னைப் பார்த்தார். கண் பளபளத்தது. "கேட்டியா? எங்கயும் இல்லியாம்" என்றார். வெளியே தாழ்வாரத்தில் அவர் என் கணவரிடம் அதையே திருப்பிச் சொல்வதும், அவர் "சரிம்மா, சரிம்மா" என்று சிரித்துக்கொண்டே அழுவதும் எனக்குக் கேட்டது.

குழந்தை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு ஒன்றும் சரியாகவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அத்தை தடையை எடுக்கவில்லை. "இப்பத்தான் அதுக்குக் காது இன்னும் நல்லாக் கேக்குது" என்றார். அதனால் நாங்கள் பேசுவதற்கு வெளியே போகவேண்டியிருந்தது. குழந்தைக்கு மூன்று மாதமான பிறகு, சாயங்காலம் அதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு, காய் வாங்குகிற சாக்கில் ஸ்டேஷன் ரோடு வரை நடந்துவிட்டு வருவோம். அக்காவுக்கு விஷயம் தெரியும். "போயிட்டு வந்து எனக்கும் சொல்லுங்க" என்பாள்.

அப்படி ஒருநாள் போகும்போது, மார்க்கெட்டுக்குப் பாதி வழியில் அத்தை நின்றுவிட்டார்.

"எனக்கு ஒண்ணு ஆவுதுமே. முன்னல்லாம் எல்லாத்தையும் இல்லன்னு நெனைக்க வந்துது. நைனாவக்கூட நெனச்சிப் பாத்துட்டேன். இந்தக் கொழந்தைய மட்டும் அப்பிடி நெனைக்க வரல. இது இல்லாம இருந்திருக்கலாம்னு நெனச்சா நெஞ்ச அடைக்குது. உனக்கு?"

"எனக்கும் அப்பிடித்தான் அத்த."

"அப்ப கேள்வி போயிடுச்சா?"

நான் யோசித்துப் பார்த்தேன். முன்பு அது ஏரியைப் பற்றிய கேள்வி, வெயிலைப் பற்றிய கேள்வி. அவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எனக்கு என்ன? இப்போது, இருக்கவேண்டிய அவசியம் எதுவும் இல்லாத ஒன்று, வெறுமனே இருக்கிறது. அது இல்லாமல் என்னால் இருக்க முடியாது.

"போவல அத்த. பெருசாயிட்டுது."

"ஆமா" என்றார் அத்தை. சட்டென்று அவர் முகம் மாறியது. "வூட்டுக்குப் போலாம் வா."

"காய்?"

"காயி கெடக்குது, வாமே."

வந்த வழியே திரும்பினோம். முதலில் வேகமாக நடந்தோம். பிறகு யார் தொடங்கியது என்று தெரியாது, இருவரும் கிட்டத்தட்ட ஓடினோம். எதிரே வந்த பார்சல் ஆபீஸ் ஆள் ஒருவர் என்ன ஆச்சு என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே போனோம்.

பக்கத்து வீட்டில் குழந்தை அக்காவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. "இப்பத்தான் தூங்குச்சு, எழுப்பிடாதீங்க" என்றாள். அத்தை அவளுக்கு எதிரே மூச்சு வாங்கக் குந்தினார். குழந்தையை வாங்கவில்லை. விரலை மட்டும் நீட்டி அதன் மூக்குக்குக் கீழே வைத்தார். வைத்தபடி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவர் விரலை எடுத்ததும் நான் என் விரலை வைத்தேன்.